ஆர்வி எடுத்துட்டு யூட்டா கெளம்புற நம்ம மக்களுக்கு ஒரு திறந்த மடல்

6 நாள்ல 5 பார்க் பாக்கப்போற கோஷ்டிக்கு,

வணக்கம் மக்களே. ஸ்பிரிங் பிரேக் (வசந்த கால ஸ்கூல் லீவு) வந்தா போதும், லாஸ் வேகாஸ்ல ஆர்விய (படுக்கை, அடுப்பு, பாத்ரூம்னு வீடே உள்ள இருக்கற வண்டி) எடுத்து அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல இருக்கற சயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ்னு அஞ்சு நேஷனல் பார்க்கையும் ஒரே மூச்சுல முடிச்சிடலாம்னு ஷீட் போட்டு வச்சிருக்கீங்கல்ல, உங்களுக்குத்தான் இது. நாங்களும் 2024 ஏப்ரல்ல அப்படித்தான் கெளம்பினோம். நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, ஊர்ல இருந்து வந்திருந்த அத்தை, 30 அடி வண்டி. வாடகைக்கு விட்ட எடத்துல காலி பண்ணும்போது பிளாக் டேங்க (கக்கூஸ் கழிவு) மொதல்ல தொறங்க, அப்புறம் கிரே டேங்க் (குளிச்ச, கழுவின தண்ணி), அப்பதான் சோப்புத்தண்ணி குழாய கழுவிட்டுப் போகும்னு வீடியோவே போட்டுக் காமிச்சாங்க. வண்டி எவ்வளவு உயரம், எவ்வளவு எடைன்னு அவங்களும் சொல்லல, நாங்களும் கேக்கல.

சயான்ல கிழக்குப் பக்கம் போற டனல் 1930ல தொறந்தது, ஒரு மைலுக்கு மேல நீளம், அந்தக் காலத்து காருக்கு குடைஞ்சது. மேல வளைவா இருக்கறதால 11 அடி 4 இஞ்சுக்கு மேல இருந்தா நடு ரோட்டுலதான் போக முடியும், எங்களுது 12 அடி, 15 டாலர் வாங்கிட்டு எதிர்ல வர்ற வண்டிய எல்லாம் நிறுத்தி விட்டாங்க. இனிமே அதுவும் இல்ல, 2026 ஜூன்ல இருந்து பெரிய வண்டிக்கு அந்த ரோடே கிடையாதுன்னு பார்க் அறிவிச்சாச்சு. பிரைஸ் போக வெளியால சுத்தணும், உங்க ஷீட்ல அதுக்கும் நேரம் சேத்துக்கோங்க.

பிரைஸ் 8,000 அடி உயரத்துல இருக்கு. பாலைவனம்னு நெனச்சு காட்டன் சட்டையோட போனோம், ராத்திரி தண்ணி உறையுது. ஹீட்டர் கேஸ்லதான எரியுதுன்னு தூங்கிட்டோம், அதோட ஃபேன் பேட்டரில ஓடுதுன்னு விடிகாலை 4 மணிக்கு அது நின்னப்பதான் தெரிஞ்சுது. அந்த நேரத்துல ஜெனரேட்டரும் போடக்கூடாது. அத்தை ஊர்ல இருந்து கொண்டு வந்த ஜமுக்காளத்துல அஞ்சு பேரும்.

பிரைஸ்ல இருந்து கேபிடல் ரீஃப் போற ஹைவே 12ல ஹாக்பேக்னு ஒரு எடம், ரெண்டு பக்கமும் பள்ளம், தடுப்பு கிடையாது, அத்தை கண்ண மூடிட்டு முருகா முருகான்னு. அதுலயும் ஆர்வி போகும், மெதுவா போனா ஒண்ணும் இல்ல. மேட்டர் அதுக்கு அப்புறம்தான்.

நாள் கம்மியா இருக்குன்னு மோவாபை (ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பக்கத்து ஊரு) விட்டுட்டு ஹேங்க்ஸ்வில்ங்கற ஊர்ல பெட்ரோல் போட்டு ஹைவே 95ல மான்யுமென்ட் வேலிக்கு திருப்பினோம். போன் மேப் ஹைவே 261ல போ, அதான் குறுக்கு வழின்னு சொல்லுச்சு. போர்டுல ஆர்வி வேண்டாம்னு போட்டிருக்கு, இவரு "சும்மா போட்டிருப்பாங்க"ன்னாரு. நான் எறங்கி நின்னுட்டேன். அங்கதான் மோக்கி டக்வே. 1950கள்ல யுரேனியம் லாரி எறங்கறதுக்காக மலைய வெட்டிப் போட்டது, 3 மைல் மண் ரோடு, ஆயிரம் அடிக்கு மேல எறக்கம், கொண்டை ஊசி மேல கொண்டை ஊசி. 28 அடிக்கு மேல நீளம், 10,000 பவுண்டுக்கு மேல எடை இருந்தா வேண்டாம்னு சொல்றாங்க. எங்க வண்டி ரெண்டுலயும் ஃபெயில். நல்லவேளை மேல இருக்கும்போதே ரிவர்ஸ் எடுத்தோம், நான் பின்னாடி நின்னு கை காட்ட, கால் மணி நேரம் ஆச்சு. பிளாண்டிங், பிளஃப்னு சுத்திட்டுப் போனோம், கூடுதலா ஒரு மணி நேரம், அவ்வளவுதான், அதுக்குப்போய் உயிர பணயம் வைக்கலாமா?

மான்யுமென்ட் வேலி நவஹோங்கற பழங்குடி மக்களோட பார்க், நேஷனல் பார்க் பாஸ் அங்க செல்லாது, உள்ள இருக்கற 17 மைல் மண் ரோட்டுல ஆர்விய விடமாட்டாங்க. நவஹோ கைடு ஒருத்தரோட ஜீப்ல போனோம், உண்மைய சொல்லணும்னா ஆர்வி கண்ணாடி வழியா பாத்த எதையும் விட அது நல்லா இருந்துச்சு.

அதனால கேக்கறேன், கெளம்பறதுக்கு முன்னாடி கூரை மேல இருக்கற ஏசி பெட்டியையும் சேத்து உயரம், நீளம், எடை மூணையும் கேட்டு ஸ்டியரிங் பக்கத்துல எழுதி ஒட்டுங்க, ஒவ்வொரு ரோட்டுக்கும் அத வச்சுப் பாருங்க. அஞ்சு பார்க்குல ரெண்டக் கொறைங்க. கேபிடல் ரீஃப்ல ஃப்ரூட்டா கேம்ப்கிரவுண்டுல அங்க வந்து குடியேறின மார்மன்காரங்க (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) அந்தக் காலத்துல ஆரம்பிச்ச பழத்தோட்டம் இருக்கு, நாங்க போனப்ப மரமெல்லாம் பூ, பின்னாடி செவப்புப் பாறை. அத்தை "இங்கயே இருந்திருக்கலாமேம்மா"ன்னு இன்னும் போன்ல சொல்றாங்க. அங்க எடம் 6 மாசம் முன்னாடியே புக் பண்ணணும், இப்பவே பாருங்க.

இப்படிக்கு,
ரிவர்ஸுக்கு கை காட்டினவ