கட்டணத் தேதிக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்

கல்விக் கடன் வழங்கும் பொதுத்துறை வங்கிகளின் மேலதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் தென்காசி மாவட்டத்தில் தையல் கடை வைத்திருப்பவன். இந்த ஆண்டு பொறியியல் கலந்தாய்வில் என் மகளுக்குக் கோவையில் அவள் ஆசைப்பட்ட கல்லூரியே கிடைத்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவள், அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரமாட்டாள். அவள் அண்ணன் பி.காம். முடித்துவிட்டான், அதனால் முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. சரி, கல்விக் கடன் இருக்கிறதே என்று நம்பித்தான் உங்களிடம் வந்தோம்.

கல்விக் கடன் விதிகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் பணம் கட்டச் சில நாள்கள்தான் தருகிறார்கள். அன்றைக்கே எங்கள் ஊர்க் கிளைக்குப் போனோம். அவள் அங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்று வேண்டும் என்றார்கள். கல்லூரியில் கேட்டால், முதல் தவணை கட்டிச் சேர்ந்த பிறகுதான் போனஃபைட் தருவோம் என்கிறார்கள். அந்த முதல் தவணைக்காகத்தானே கடன் கேட்கிறோம்? இதை அதிகாரியிடம் சொன்னேன். "ரூல் அப்படித்தான்" என்றார். அப்போது என் மகள் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்தில் நின்றிருந்தாள்.

கடைசி நாளில் என் மனைவி தன் இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றித் தந்தாள். அதே வங்கியில், அதே கிளையில், பக்கத்துக் கவுண்டரில் அடகு வைத்தோம். அரை மணி நேரத்தில் பணம் கைக்கு வந்தது. சங்கிலியை எடைபோட்டுப் பார்த்து அரை மணியில் நம்பிய வங்கி, என் மகளின் மதிப்பெண் சான்றிதழைப் பார்த்து இரண்டு மாதமாகியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் போனஃபைட்டோடு போனால், எங்கள் தெரு இந்தக் கிளையின் எல்லையில் வராது என்றார்கள். எல்லையைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைச் சொன்னதும் என் சிபிலை, அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினேனா என்று காட்டும் பதிவை, எடுத்துப் பார்த்தார்கள். கொரோனாவில் கடை மூடிக் கிடந்தபோது தையல் இயந்திரக் கடனில் சில தவணை தவறியது உண்மை. 2022-ல் அதை முழுவதும் அடைத்துவிட்டேன். பெற்றோரின் சிபில் சரியில்லை என்பது கல்விக் கடனை மறுக்கக் காரணமாகாது, படித்து முடித்தபின் மாணவரால் அடைக்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடனை அடைக்கப்போகிறவள் அவள். நான் தவறவிட்ட தவணைக்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்?

இத்தனைக்கும் முடியாது என்று யாரும் சொல்லவில்லை. கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் இன்றும் "பரிசீலனையில்" என்றே இருக்கிறது. நான்கு முறை வரச் சொன்னார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் சீசனில் நான்கு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன்.

2024-ல் உத்தரப் பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், 17,500 ரூபாயை நேரத்துக்குள் கட்ட முடியாமல் தன்பாத் ஐ.ஐ.டி. இடத்தை இழந்தான். உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அந்த இடம் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் டெல்லி வரை போக முடியுமா? எங்கள் வீட்டிலாவது ஒரு சங்கிலி இருந்தது. அதுவும் இல்லாத வீட்டில் அந்தக் கடைசி நாள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மன்னியுங்கள், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். தருவதோ மறுப்பதோ, கட்டணத் தேதிக்கு முன்னால் எழுத்தில் சொல்லுங்கள். விண்ணப்பத்தைப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டமே சொல்கிறது. கலந்தாய்வின் ஒதுக்கீட்டு ஆணையையே போதுமான சான்றாக ஏற்கும்படி உங்கள் கிளைகளுக்கு உத்தரவிடுங்கள். மறுப்பதானாலும் காரணத்தை எழுதித் தந்தால் நாங்கள் வேறு வழி பார்க்க நாளாவது மிஞ்சும்.

அடுத்த தவணை டிசம்பரில். அதற்குள் ஒரு பதில் எழுதித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை