பந்துக்கும் வில்லங்கம் பார்க்கிறார்கள்

ஒனியோன்டா, நியூயார்க் மாநிலம்
ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் சர்க்கரை, அம்மாவின் முழங்கால் இரண்டையும் பற்றி ஒளிக்காமல் எழுதுங்கள். போனில் கேட்டால் இருவரும் "நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுகிறீர்கள்.

வேலையில் புதிதாக ஒன்றுமில்லை. குளிர் தொடங்குமுன் ஒரு பழைய கார் வாங்க வேண்டும், அவ்வளவுதான். இது வேறு விஷயம், பத்திரம் எழுதும் உங்களுக்குப் பிடிக்கும்.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். பேஸ்பால் பைத்தியம். பழைய ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட பந்து, மட்டை, படம் என்று ஓர் அறை நிறையச் சேர்த்திருக்கிறார். வெயில் பட்டால் மை வெளுத்துவிடுமாம், அந்த அறைக்குப் பகலிலும் திரைதான். போன வாரக் கடைசியில் என்னைக் கூப்பர்ஸ்டவுனுக்கு அழைத்துப்போனார். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகமான 'ஹால் ஆஃப் ஃபேம்' 1939-லிருந்து அங்கேதான் இருக்கிறது. புதியவர்களைச் சேர்க்கும் ஜூலை விழாவுக்கு நம்மூர் ஆடித்தபசுக் கூட்டம். கடைகளில் மேசை போட்டு, முன்னாள் ஆட்டக்காரர்கள் காசுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். பெயருக்குத் தக்க கட்டணம். பெயரோடு வேறு வாசகமும் எழுதச் சொன்னால் அதற்குத் தனிக் காசு. எனக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பெரியவருக்கு அப்படியெல்லாம் இல்லை.

பந்தில் இரண்டு தையல் வரிசைகளும் நெருங்கி வரும் குறுகிய இடம் ஒன்று உண்டு. 'ஸ்வீட் ஸ்பாட்' என்பார்கள். ஒருவர் மட்டும் கையெழுத்திடும் பந்தென்றால் அங்கேதான் போட வேண்டும், அதுவும் நீல பால்பாயின்ட் பேனாவால். ஸ்கெட்ச் பேனா மை தோலில் ஊறிப் பரவிவிடும்.

போலிதான் பெரிய தொல்லை. 1990-களில் எஃப்.பி.ஐ. கலிபோர்னியாவில் ஒரு கும்பலைப் பிடித்தது. அன்னை தெரசா கையெழுத்திட்டதாக பேஸ்பால்கூடச் செய்து வைத்திருந்தார்களாம்! பெரியவர் போலியைக் கண்டுபிடிக்கும் ஒரு வழி உங்கள் வழியேதான். லீக் என்பது அணிகள் சேர்ந்த அமைப்பு. அந்தக் காலத்து லீக் பந்துகளில் லீக் தலைவரின் கையெழுத்து அச்சாகியிருக்கும். பேஸ்பாலின் பெரும்புகழ் ஆட்டக்காரர் பேப் ரூத் 1948-ல் இறந்தார். பாபி பிரவுன் அமெரிக்கன் லீக் தலைவராக இருந்தது 1984 முதல் 1994 வரை. பிரவுன் பெயர் அச்சான பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால்? ஆள் செத்த பிறகு அச்சான முத்திரைத்தாளில் அவர் எழுதிக்கொடுத்ததாக வந்த கிரயப் பத்திரத்தை நீங்கள் பிடித்தீர்களே, அதே கதை.

இப்போது ஆட்டம் நடக்கும்போதே ஆள் நின்று பார்த்து, பந்தில் எண் போட்ட ஹாலோகிராம் (மினுங்கும் பாதுகாப்பு வில்லை) ஒட்டுகிறார்கள். 2001-லிருந்து இந்த ஏற்பாடு.

பெரியவரிடம் இல்லாத கையெழுத்து ஷூலெஸ் ஜோ ஜாக்சனுடையது. பெரிய மட்டைவீரர். 1919-ல் 'உலகத் தொடர்' என்னும் பேஸ்பால் இறுதிப் போட்டிகளின் சூதாட்ட விவகாரத்தில் ஆயுளுக்கும் தடை வாங்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ரசிகர்களுக்குப் பெரும்பாலும் மனைவி கேட்டிதான் அவர் பெயரைப் போட்டுக்கொடுப்பாராம். அதனால் அவரே போட்ட கையெழுத்து என்று நம்பி எடுப்பது அடமானப் பத்திரம், உயில் மாதிரி ஆவணங்களில் உள்ளதைத்தான். அந்த உயில் தென் கரோலினாவில் கிரீன்வில் கவுண்டி அலுவலகக் கோப்பில் இருக்கிறது. கேட்டியின் சொத்து போய்ச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள், உயிலின் அசல் தங்களுக்கே என்று வழக்குப் போட்டன. விற்றால் அவ்வளவு பணம்! 1998-ல் மாநில உச்ச நீதிமன்றம், அது பொது ஆவணம், கொடுக்க முடியாது என்றுவிட்டது. உங்கள் சார்பதிவாளரும் அதைத்தானே சொல்லியிருப்பார்?

உங்கள் தொழிலைச் சொன்னதிலிருந்து பெரியவர் என்னை விடுவதாக இல்லை. நீலக்கறுப்பு மை பழுத்தால் எந்த நிறத்துக்கு வரும், ஓரத்தில் தாளை அரிக்குமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். தாத்தா காலத்துப் பத்திரம் பீரோவில் இருக்குமே, கையெழுத்துப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துத் தம்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல்.

அன்பு மகள்