குஷிமின் கணக்கும் சபாபதியின் நிலுவையும்

கும்பகோணம்
ஞாயிறு மாலை

அன்புள்ள கோபால்,

உன் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று சரோஜா சொன்னாள். நான் வரவில்லை, போனும் செய்யவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். மாடிக் குளியலறை ஒழுகுகிறது. நம் பழைய அதிகாரி ‘பச்சை மை’ தினமும் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறார். எதிரே வந்தால் இன்னும் கோப்பு எங்கே என்று கேட்கிற முகம்தான்.

பழங்கால இராக்கில் வாழ்ந்த சுமேரியர்கள் எல்லாரும் தமிழர்கள் என்று ஒரு நீண்ட சமாச்சாரம் அனுப்பியிருந்தாயே, அதற்கு நான்கு வரியில் மறுப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். மறுப்பு இதுதான்: சுமேரிய மொழிக்கு உறவென்று நிரூபிக்கப்பட்ட மொழி உலகில் இதுவரை ஒன்றுகூட இல்லை. கப்பல் வியாபாரம் இருந்தது உண்மை. மெலுகா என்று அவர்கள் சொன்ன நாடு சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. சுமேரியர்களின் உர் நகரத்து அரச கல்லறைகளில் சிந்துப் பக்கத்துச் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. சற்றுப் பின்னால் வந்த அக்காதிய ஆட்சிக் காலத்தில், மெலுகா மொழிபெயர்ப்பாளர் ஷு-இலிஷு என்று ஒருவர் முத்திரையே வைத்திருந்தார். இதற்குமேல் நீ ஏற்றுகிற பாரத்தை அந்தக் கப்பல் தாங்காது. விட்டுவிடு.

ஆனால் கோபால், மறுப்புக்கு ஆதாரம் தேடிப் போன இடத்தில் நம்முடைய பழைய கணக்கு ஆபீஸ் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுத்து எதற்காகப் பிறந்தது என்று நினைக்கிறாய்? இன்றைய இராக்கின் தெற்கே உருக் என்ற நகரம். கி.மு. 3300க்கும் 3000க்கும் இடைப்பட்ட காலத்தில் அங்கே எழுதப்பட்ட களிமண் பலகைகள் ஐயாயிரம் போலக் கிடைத்திருக்கின்றன. மிகப் பெரும்பகுதி வரவு செலவுக் கணக்கு. மிச்சம் எழுதப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல்கள். பாட்டு, கதை, துதி எல்லாம் ஏட்டில் ஏறப் பல நூற்றாண்டுகள் ஆயின. உன் கவிஞர் தம்பியிடம் இதைப் பக்குவமாகச் சொல். மாத்திரை போட்டபிறகு சொல்.

அந்தக் காலத்துப் பலகை ஒன்றில் 37 மாதங்களுக்கு 29,086 அளவை வாற்கோதுமை என்று இருக்கிறது. பீர் வடிக்கிற இடத்துக் கணக்கு. பொறுப்பில் இருந்தவர் பெயராகக் ‘குஷிம்’ என்று இரண்டு குறிகள். உலகில் எழுதிவைக்கப்பட்ட முதல் மனிதப் பெயர் இதுவாக இருக்கலாம் என்கிறார்கள். அரசர் இல்லை, பூசாரி இல்லை, ஸ்டோர் கீப்பர்! இதில் ஒரு சிக்கலும் உண்டு. குஷிம் என்பது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. நம் கண்காணிப்பாளர் அறையில் கோட்டு மட்டும் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருக்குமே, நினைவிருக்கிறதா? அந்த வழக்குதான்.

நான் அதிகம் ஊறியது இதற்கு ஓராயிரம் ஆண்டு பிற்பட்ட காலத்தில். மூன்றாம் உர் வம்சம், கி.மு. 2112 முதல் 2004 வரை. நூறு ஆண்டுக்குச் சற்று மேல். அதற்குள் எழுதிக் குவித்த பலகைகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் இன்று அறியப்பட்டிருக்கின்றன. ஷுல்கி என்ற அரசர் 48 ஆண்டுகள் ஆண்டார். அவர் காலத்து மிருகக் கிடங்கு ஒன்றில் ஒரு செத்த ஆட்டுக்குக்கூட ரசீது உண்டு. ரசீதின் மேல் களிமண்ணாலேயே உறை. உறையின்மேல் உள்ளே இருப்பதையே திரும்ப எழுதி, பெற்றுக்கொண்டவர் தன் உருளை முத்திரையை உருட்டவேண்டும். சந்தேகம் வந்தால் உறையை உடைத்து உள்ளே இருப்பதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். அடித்தல் திருத்தல் செய்து நம்மைப் படுத்திய அந்தச் சங்கத்துக்காரர்களை இந்தக் களிமண்ணிடம் விட்டிருக்கவேண்டும்.

ஆண்டுக்கு எண் கிடையாது, நிகழ்ச்சிதான் பெயர். ஷுல்கியின் 44ஆம் ஆண்டின் பெயர், ‘சிமுர்ரும், லுல்லுபும் ஒன்பதாம் முறையாக அழிக்கப்பட்ட ஆண்டு’. ஒன்பது முறை அழித்தும் அந்த ஊர்கள் தீரவில்லை பார். ஒன்பது முறை பதில் எழுதியும் தீராத நம் தணிக்கைத் தடைகள்தான் நினைவுக்கு வந்தன.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மெதுவாகவே படி.

உம்மா என்ற நகரத்து மாவு அரைக்கும் கூடம். அரைப்பவர்கள் பெண்கள், கல்லின்மேல் கல் வைத்துக் கையால். சாதாரண மாவு என்றால் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் அரைக்கவேண்டும் என்பது விதி. மாதக்கூலி 30 லிட்டர் வாற்கோதுமை, ஆண்களுக்கு 60. கால்வாய் வெட்டுகிறவன் ஒரு நாளில் தோண்டவேண்டிய மண் 3 கன மீட்டர். எல்லா வேலைக்கும் இப்படி ஓர் அளவு. கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர். ஆண்டுத் தொடக்கத்தில் அவர் பெயரில் பற்று எழுதுவார்கள். பத்துப் பெண்கள் இருந்தால், மாதத்துக்கு 30 நாள் வீதம் 12 மாதத்துக்கு 3,600 வேலைநாட்கள். அவர்களுக்கு எல்லாம் அறுபதில் ஓடுவதால் 3,600 என்பது அறுபது அறுபது, ஒரே குறியில் முடிந்துவிடும். பெண்களுக்கு ஆறில் ஒரு நாள் ஓய்வு என்று 600 கழியும். ஆண்களுக்குப் பத்தில் ஒன்றுதான். அரைத்த மாவை வேலைநாளாக மாற்றி அவர் வரவில் வைப்பார்கள். அறுவடைக்கும் கால்வாய் அடைக்கவும் படகு இழுக்கவும் அந்தப் பெண்களை அனுப்பியிருந்தால் அந்த நாட்களும் வரவில் சேரும். நோயில் கிடந்த நாட்களும் இறந்துபோனவளின் நாட்களும் கழிவு. கடைசியில் கூட்டிக் கழித்து மீதி. என்ன அழகான கணக்கு, கோபால்! உழைப்பு, மாவு, மண், நோய், சாவு எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்து நேராக்கியிருக்கிறார்கள். நம் பயிற்சிக் கல்லூரியில் நமக்கு இத்தனை தெளிவாக யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த மீதி பெரும்பாலும் குறைவாகத்தான் வருகிறது. குறைவை அடுத்த ஆண்டுப் பலகையின் முதல் வரியில் முன்பாக்கியாக எடுத்தெழுதுகிறார்கள். அடுத்த ஆண்டு இன்னும் குறைவு. எங்லண்ட் என்ற அறிஞர் இந்தக் கணக்குகளை வரிவரியாகக் கூட்டிப் பார்த்திருக்கிறார். விதித்த அளவே எட்ட முடியாத உயரத்தில் இருந்திருக்கவேண்டும், மேற்பார்வையாளர்கள் ஆண்டுக்காண்டு கடனில்தான் ஏறிக்கொண்டுபோனார்கள் என்கிறார். மேற்பார்வையாளர் இறந்துபோனால்? நிலுவை இறப்பதில்லை. குடும்பத்தின்மேல் இறங்குகிறது. வீடு வாசல் பறிபோய், வீட்டிலிருப்பவர்களே அரசு வேலைக்கூட்டத்தில் சேர்க்கப்பட்டதும் உண்டு என்று தெரிகிறது. ஏடு எழுதியவன் நேர்மையானவன்தான். ஒரு கூட்டல் தப்பில்லை.

அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நம் நெல் கிடங்கைப் பார்த்துக்கொண்ட சபாபதி நினைவு வந்துவிட்டது.

உனக்கும் வந்திருக்கும். ஆற்றோரத்துக் கிடங்கு, ஈர நெல், காய்ந்ததும் எடை குறைவு. அனுமதித்த கழிவுக்கு மேல் போனதெல்லாம் அவர் பெயரில் இருப்புக் குறைவு. அந்த மனிதர் ஒரு மூட்டைகூட வெளியே விற்றிருக்கமாட்டார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மூக்குப்பொடி மாமாவுக்கும் தெரியும். ஆண்டுதோறும் அந்தத் தொகையை வட்டியோடு எடுத்தெழுதினோம். என் கையெழுத்தில் நான்கைந்து ஆண்டு, பிறகு உன் கையெழுத்தில். விதிப்படி சரி. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அப்படித்தான் எழுதவேண்டியிருக்கும், எனக்கு அதில்கூடச் சண்டையில்லை. ஆனால் அவர் போனபிறகு அந்த அம்மாளுக்கு நோட்டீஸ் போனதே. பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை என்று அப்போது நீதானே சொன்னாய்?

விதிக்கு வெளியே ஒரு வழியும் இல்லை என்று நீ வாதாடுவாய், அதனால் இதையும் கேட்டுக்கொள். உம்மாவுக்குப் பக்கத்து ஊர் லகாஷ். கி.மு. 2400 வாக்கிலேயே அங்கே என்மெத்தெனா என்ற ஆட்சியாளர் கடன் தள்ளுபடி செய்து அதை எழுதியும் வைத்தார். நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழைய தள்ளுபடி. அவருக்குப்பின் கி.மு. 2350 வாக்கில் உருகாகினா வந்தார். அதிகாரிகள் எங்கெங்கே கைவைக்கிறார்கள் என்று பட்டியல் போட்டு நிறுத்தியவர் அவர். பிணம் புதைக்க 7 குடம் பீரும் 420 ரொட்டியும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இனி 3 குடம், 80 ரொட்டி என்றார். கடனுக்காக அடைபட்டவர்களை விடுவித்தார். அநாதையையும் விதவையையும் வலியவன் கையில் ஒப்படைக்கமாட்டேன் என்று தன் ஊர்த் தெய்வம் நின்கிர்சுவிடம் உடன்படிக்கை செய்ததாக எழுதிவைத்தார். எழுதிவைத்ததெல்லாம் நடந்ததா என்று தணிக்கைக்காரன் புத்தியில் எனக்கும் சந்தேகம் வராமலில்லை. எப்படியும் நீடிக்கவில்லை. உம்மாவின் லுகல்சகேசி படையெடுத்து லகாஷின் கோயில்களைக் கொளுத்திவிட்டான். அதைப் பதிவு செய்த எழுத்தர் சேதத்தை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகிறார். முடிவில் ஒரு வரி: இந்தப் பாவத்தை லுகல்சகேசியின் தெய்வமான நிசாபா தன் கழுத்தில் சுமக்கட்டும்.

நிசாபா யார் தெரியுமா? தானியத்துக்கும் எழுத்துக்கும் கணக்குக்கும் தெய்வம். நம் ஆள்.

மேற்பார்வையாளர் பலகைகள் வருவது இதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு கழித்து, அதே உம்மாவில்.

இனி நீ செய்யவேண்டியது ஒன்று. நான் ஓய்வுபெற்றபோது சபாபதியின் கோப்பு நிலுவையில் இருந்தது. உன்னிடம்தான் வந்திருக்கவேண்டும். தள்ளுபடிக்குப் பரிந்துரை போனதா, இல்லை அந்த அம்மாளின் குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்தார்களா? பச்சை மையிடம் கேட்கலாம்தான், கேட்டால் விதி எண் சொல்லத் தொடங்கிவிடுவார். அவர்கள் மகள் மன்னார்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்தவள் என்று மூக்குப்பொடி மாமா சொல்கிறார். பிடித்திருந்தார்கள் என்றால் ஒருமுறை போய்ப் பார்த்துவரலாம் என்றிருக்கிறேன். நீயும் வருவதானால் உன் கண் ஆறியபிறகு போவோம். நீண்ட பதில் வேண்டாம், உன்னால் இப்போது எழுதவும் கூடாது. ஆயிற்று, ஆகவில்லை என்று சரோஜாவை விட்டு ஒரு வரி எழுதச் சொல்.

உன்,
ராமலிங்கம்