அச்சு இருக்கிறது, படகு வருமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூடப்பட்ட பாய்மரப் படகு நிறுவனத்தை யாராவது வாங்கி மறுபடி நடத்தக்கூடும் என்ற கட்டுரையைப் படித்தேன். படகின் பாகங்களை வார்க்கும் அச்சுகள் எல்லாம் பத்திரமாக இருப்பதால், வாங்க ஆள் வந்ததும் வேலை தொடங்கிவிடும் என்கிற தொனி அதில் இருக்கிறது. அந்தப் ‘பத்திரமாக’ என்ற சொல்லைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

ஃபைபர் படகின் அச்சு இரும்பு டை அல்ல. அதுவும் கண்ணாடி இழையும் ரெசினும் (இறுகும் பிசின்) சேர்ந்த ஓடுதான். வெளியே பிடித்திருக்கும் எஃகுச் சட்டம் இருக்கும்வரைதான் வடிவம் நிற்கும். ஆலையைக் காலி செய்யும் அவசரத்தில் சட்டத்தை அறுத்து எடைக்குப் போட்டுவிட்டு, அச்சை வெயிலில் கிடத்தினால் தன் கனத்திலேயே தொய்ந்துவிடும். உடல் அச்சு பெரும்பாலும் நடுக்கோட்டில் பிரியும் இரண்டு பாதிகள். ஒன்று சில மில்லிமீட்டர் திரிந்தாலும் விளிம்பிலுள்ள போல்ட் துளைகள் நேராக வராது. முறுக்கி இழுத்துப் பூட்டிவிடலாம்தான். அப்படி வார்த்த உடலின் மேல் தளத்தை இறக்கும்போது ஓர் ஓரம் பொருந்தும், மறு ஓரம் வாய் பிளந்து நிற்கும்.

ஏலத்துக்கு முன் இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அச்சைக் கழுவி, உள்ளே ஒரு நீள டியூப்லைட்டைப் பிடித்தால் அதன் பிம்பம் எங்கே நெளிகிறதோ அங்கே பரப்பும் நெளிந்திருக்கிறது. பிறகு ஏழெட்டு இடங்களில் அகலத்தை அளந்து வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். உடல் அச்சின் கீறலையும் நுண்வெடிப்பையும் தேய்த்து மெருகேற்றி மீட்டுவிடலாம். தள அச்சுக்கு அந்த வசதி கிடையாது. கால் வழுக்காமல் இருக்க அதில் பதித்திருக்கும் சொரசொரப்பைத் தேய்த்தால் அந்தக் கோலமே அழிந்துவிடும். அடுத்தது சில்லறை அச்சுகள்: சுக்கானின் இரு பாதிகள், பெட்டி மூடிகள், உள்ளே ஒட்டும் சட்டகப் பலகம். பெரிய அச்சுக்குத்தான் விலை பேசுவார்கள். காணாமல் போவது இவைதான்.

அச்சை விட அரிதானது காகிதம். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்லும் அடுக்கு அட்டவணை இல்லாவிட்டால், வெளித்தோற்றத்தில் அதே படகு, பலத்தில் வேறு படகு. ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சு ஈரத்தில் 0.5 முதல் 0.6 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். மிக மெலிந்தால் சரியாக இறுகாது. பின்னால் பூசும் ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் அதை ஊறவைத்து முதலைத் தோல்போல் சுருக்கிவிடும். மிகத் தடித்தால் பிறகு வெடிக்கும். ரெசின், கெட்டிப்படுத்தும் திரவம் இரண்டின் விகிதம், பட்டறையின் வெப்பம், ஒரு நாளில் எத்தனை அடுக்கு என்பதெல்லாம் பழைய மேஸ்திரியின் கைக்குறிப்பில் இருக்கும். அவரையும் சேர்த்து வேலைக்கு எடுக்காத கொள்முதல் பாதிக் கொள்முதல்தான்.

புதிய முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் இன்னொன்று: இழையில் ரெசினைக் கையால் பூசும் கைப்பூச்சை விட்டுவிட்டு வெற்றிடத்தில் ரெசினை உறிஞ்சவைக்கும் முறைக்கு மாறிவிடுவோம் என்பது. நல்ல முறைதான், ஸ்டைரீன் நெடியும் வெகுவாகக் குறையும். ஆனால் பழைய அச்சின் நடு இணைப்பில் காற்று கசியும். வெற்றிடப் பையை ஒட்டுவதற்கு விளிம்பும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும், பழைய அச்சுகளில் அது பெரும்பாலும் இராது. அதோடு, கைப்பூச்சில் எடையில் 35-40 சதவீதம் இழை என்றால் இந்த முறையில் 60 சதவீதத்தைத் தாண்டும். அதே இழையைப் போட்டால் சுவர் மெலிந்து, விறைப்பு குறைந்துவிடும். ஆக, அட்டவணையைப் புதிதாகக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

ஏரா, அதாவது படகு கவிழாமல் இருக்க அடியில் பூட்டும் கனமான கீல் விஷயத்தில் சமரசமே கூடாது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், வார்ப்பிரும்பு சுமார் 7.2. செலவைக் குறைக்க இரும்புக்கு மாறினால் அதே எடைக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் பருமன் ஆகும். எடைமையம் மேலேறும், பாய் தாங்கும் திறன் குறையும். போல்ட் துளைகளின் இடத்தைக் காட்டும் மாதிரிப் பலகை தொலைந்து, கண் அளவில் துளையிட்டால் போல்ட்டுகள் குறுக்குச் சட்டங்களுக்கு அருகில் விழாமல் வெறும் தோலில் விழும். 2015 ஜூலையில் ஸ்பெயின் கடற்கரைக்கு அப்பால் மூழ்கிய ‘போலினா ஸ்டார் 3’ என்ற ஆய்ஸ்டர் 825 படகில் ஏரா உடலின் ஒரு பகுதியோடு கழன்றது. 2018 பிப்ரவரியில் அதைக் கட்டிய ஆய்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் நொடித்து, மார்ச்சில் தொழிலதிபர் ரிச்சர்ட் ஹடீடா வாங்கிய பிறகுதான் மீண்டது. ஐரோப்பாவில் விற்க வேண்டுமென்றால் 1970களின் வடிவத்துக்கும் இன்றைய விதிப்படி சி.இ. என்ற ஐரோப்பியப் பாதுகாப்புச் சான்று வேண்டும், ஏராவின் பலத்துக்கே ஐ.எஸ்.ஓ. 12215-9 என்று தனித் தரம் உண்டு.

மூடியதற்கான காரணத்தைக் கட்டுரை நிர்வாகத்தின் தலையில் மட்டும் கட்டுகிறது. அமெரிக்காவில் 1991இல் 1,00,000 டாலருக்கு மேலான படகுகளுக்கு, மேலதிகத் தொகையில் 10 சதவீத ஆடம்பர வரி விழுந்தது, 1993இல் நீக்கப்பட்டது. பியர்சன் என்ற அமெரிக்கப் படகு நிறுவனம் மூடியதும் 1991தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பொருளிலேயே இருக்கிறது. ஃபைபர் படகு சாவதில்லை. பியர்சன் 1959இல் காட்சிக்கு வைத்த 28 அடி ‘டிரைட்டன்’ வகைப் படகுகள் இன்னும் கடலில் ஓடுகின்றன. தான் விற்ற பழைய படகோடு தானே போட்டியிடும் தொழில் இது.

ஆகவே முதல் வருடத்தில் புதுப் படகு வார்க்காமல் உதிரிபாகம் விற்பதுதான் விவேகம். சுக்கான், மூடிச் சட்டம், பாய்மரக் கயிறு பிணைக்கும் தகடு ஆகியவற்றுக்கு ஏற்கெனவே ஓடும் படகுகளின் உரிமையாளர்கள் காத்திருக்கிறார்கள். சின்ன அச்சுகள் சோதனையாகும், கைகளும் பழகும், பணமும் புரளும். பசிபிக் சீகிராஃப்ட் என்ற அமெரிக்கப் படகு நிறுவனம் 2007இல் நொடித்தபோது வாங்கியவர்கள் அச்சுகளைக் கலிஃபோர்னியாவிலிருந்து வட கரோலினாவுக்குக் கொண்டுபோய்த் தொழிலைத் தொடர்ந்தார்கள். ஆளும் இடமும் மாறினாலும் மீட்கலாம் என்பதற்கு அது சான்று. மலிவாக மீட்கலாம் என்பதற்கு அல்ல.

முன்பணம் கட்ட நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று. சொத்தை மட்டும் வாங்கும் புதிய நிறுவனம் பழைய உத்தரவாதத்தையும் பழைய முன்பணத்தையும் பொதுவாக ஏற்பதில்லை. உடல் வார்த்ததும், தளம் இணைந்ததும், ஏரா பூட்டியதும் என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் படகின் எண் பொறித்த உடலின் உரிமை உங்கள் பெயருக்கு மாறுவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இயந்திரமும் பாய்மரமும் வந்து இறங்கும்போது அவற்றின் எண்களையும் அதில் சேருங்கள். அச்சு வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்