சட்பரித் தமிழர்கள் (ஒன்டாரியோ, கனடா): செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் குழந்தைகளின் தமிழ் வகுப்பும் வழக்கம்போல் நடந்தன. விழாவில் சாப்பாடு பற்றாமல் போனதைப் பற்றிச் செயற்குழுவில் வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது, இங்கே வேண்டாம்.

இந்த ஆண்டு புதிதாகச் செய்தது, மே மாதம் மரக்கன்று நட்டது. "தமிழ்ச் சங்கத்துக்கு எதற்கு மண்வெட்டி வேலை?" என்று சிலர் கேட்டார்கள். ஊருக்குப் புதிதாக வருபவர்களோ, இங்கே பாறையெல்லாம் ஏன் கறுத்துக் கிடக்கிறது என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

நிக்கல், செம்புத் தாதுவை இங்கே 1929 வரை திறந்தவெளியில் விறகு அடுக்கி வறுத்தார்கள். பிறகு உருக்காலைகள்தான் எல்லாம். 1960களில் ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் டன் கந்தக டைஆக்சைடு வாயு வெளியேறியது. அந்தப் புகையில்தான் செடிகொடிகள் பட்டுப்போய், மண் அரித்து, பாறை கறுத்தது. 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி எழுந்தது. ஊருக்குள் காற்று தெளிந்தது, சரி. புகை தூரத்து ஏரிகளில் அமிலமாக இறங்கியது. பாதிக்கப்பட்ட ஏரிகள் சுமார் 7,000. நம் பக்கத்துப் பாறைக்கு அமிலத்தை முறிக்கும் சக்தி குறைவு. போதாததற்குப் பனி வேறு. குளிர்காலம் முழுக்க அதில் சேர்ந்த அமிலம், உருகும்போது மொத்தமாக ஏரிக்குள் வரும், மீன்குஞ்சுகள் தாங்கமுடியாத பருவத்தில். அரோரா டிரவுட் மீன் டெமகாமி பக்கம் இரண்டே ஏரிகளில் இருந்தது. 1960களில் அங்கே அற்றுப்போனது. பண்ணையில் பிழைத்திருந்த வம்சத்தை, ஏரிக்குச் சுண்ணாம்பு இட்டு அமிலத்தை முறித்த பிறகு 1990இல் திரும்ப விட்டார்கள்.

மண்ணுக்கும் அதே வைத்தியம்தான். அமில மண்ணில் செம்பு, நிக்கல், அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும். 1978 முதல் கோடை விடுமுறை மாணவர்கள் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்புக்கல் தூளைச் சுமந்து, சரிவுகளில் கையாலேயே தூவினார்கள். அப்புறம்தான் புல், பைன் கன்று எல்லாம். 2022இல் ஒரு கோடியாவது மரம் நட்டார்கள்.

ஆனாலும் பெருமை முழுக்க மண்வெட்டிக்கு இல்லை. 1980களில் ஒன்டாரியோ அரசு ஆலைகளுக்கு வரம்பு விதித்தது. 1991இல் அமெரிக்காவுடன் காற்றுத்தர ஒப்பந்தம் கையெழுத்தானது. புகை குறையாமல் சுண்ணாம்பு தூவிக்கொண்டே இருந்தால் என்ன பயன்?

ஆகஸ்டில் ப்ளூபெரி பறிக்கப் போனோம். அந்தச் செடிக்கு அமில மண்தான் பிடிக்கும். கன்று நட வராதவர்களும் இதற்குத் தவறாமல் வந்திருந்தார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த மே மாத நடவுக்குப் பெயர் கொடுப்பவர்கள் இன்றே கொடுக்கலாம். கையுறையும் பழைய பூட்ஸும் போதும். கொசு மருந்தை மறக்க வேண்டாம்.