ஓடைக்கரை வேண்டாம், கண்ணு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வீட்டு வரைபடத்தை நானும் அம்மாவும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நீ ஊருக்கே வந்துவிடப் போகிறாய் என்பதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்த ஓடைக்கரை இடம் மட்டும் வேண்டாம்மா.

நீ வந்தபோது கோடை. கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை, மணலும் நிழலுமாக அழகாகத்தான் இருந்தது. அங்கே கிடக்கும் கற்களை நினைத்துப் பார். எல்லாம் மூலை மழுங்கி உருண்டிருக்கும். ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு கல் ஓடையை விட்டு இவ்வளவு தள்ளிக் கிடக்கிறதென்றால், ஒருநாள் தண்ணீர் அங்கேயும் அந்த வேகத்தோடு வந்திருக்கிறது. மலையை விட்டு இறங்கியதும் சரிவு குறைந்துவிடும், சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் ஓடை அங்கேயே போட்டுவிடும், போட்டுப் போட்டுத் தன் தடத்தைத் தானே மேடாக்கிக்கொண்டு ஒரு பெருமழையில் பக்கத்தில் புதுத்தடம் பிடித்துவிடும். நம் வயல்களெல்லாம் அப்படி விசிறி மாதிரி பரவிய மண்தான்.

உனக்கு நாலு வயதிருக்கும்போது ஒரு ராத்திரி நினைவிருக்கிறதா? இங்கே நட்சத்திரம் தெரிந்தது, மழை முழுக்க உச்சியில். முதலில் தண்ணீர் கலங்கியது, சருகும் சுள்ளியும் வந்தன, அப்புறம் திடீரென்று ஓடையில் தண்ணீர் குறைந்துபோனது. மேலே எங்கோ மண் சரிந்து அடைத்திருக்கிறது என்று தெரிந்த ஒரு பாட்டி தட்டைத் தட்டிக்கொண்டே வீடுவீடாக ஓடினாள். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். கொஞ்ச நேரத்தில் அடைப்பு உடைந்தது. தண்ணீருக்குள் பாறையும் பாறையும் மோதுகிற சத்தம், காதை விடக் காலில்தான் முதலில் தெரிந்தது. விடிந்தபோது எல்லோரும் இருந்தோம். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணினோம். நம் ஊர் என்றால் எனக்கு அந்த விடியல்தான்.

பள்ளத்தில் குளிரும் அதிகம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரிக்கு மேல் குறையும் என்று நீ பள்ளியில் படித்தது சரிதான், ஆனால் காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். ஓடையோரச் செடிதான் முதலில் கருகும், மேட்டுச் செடி தப்பிக்கும். பழைய வீடுகளெல்லாம் ஏன் தண்ணீரை விட்டுத் தள்ளி, சரிவில் கொஞ்சம் ஏறி இருக்கின்றன என்று சின்ன வயதில் கேட்பாயே, இதற்குத்தான். குடத்தோடு ஏறி இறங்கும் சிரமத்தைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள்.

தொழுவத்துக்கு மேலே இருக்கும் மேட்டை எடுத்துக்கொள். மலை மேற்கே இருப்பதால் வெயில் சீக்கிரம் போய்விடும், வானத்தில் மட்டும் வெளிச்சம் வெகுநேரம் நிற்கும், அது உனக்குப் பிடிக்கும். திண்ணையை மலை பார்த்த மாதிரி மாற்றிப் போடு. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் மழைக்காலத்தில் ஒரு வாரமாவது வந்து இரு. ராத்திரி ஓடைச் சத்தத்தை நாம் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்போம்.

அப்பா