யான்யெவோவின் கதை 1303-உடன் முடிந்துவிடவில்லை: லிப்யான் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

லிப்யான் நகராட்சித் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் எல்லைக்குள் இருக்கும் யான்யெவோ கிராமத்தைப் பற்றித்தான் இந்த மடல். தமிழில் எழுதுவதால் உங்கள் மேசைக்கு வந்து சேராது என்று தெரியும். பரவாயில்லை, கொசோவோவில் இப்படி ஒரு ஊர் இருப்பதை இதைப் படிக்கும் நாலு பேராவது தெரிந்துகொள்ளட்டும்.

யான்யெவோ என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது 1303. அந்த ஆண்டு போப் பதினோராம் பெனடிக்ட் எழுதிய கடிதத்தில் அங்கிருந்த புனித நிக்கோலஸ் பங்கின் (அந்தக் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தின்) பெயர் வருகிறது. சுற்றியிருந்த மலைகளில் வெள்ளி கிடைத்ததால் சுரங்கம் தோண்ட சாக்சன்கள் வந்தார்கள், வியாபாரம் பார்க்க ரகூசாவிலிருந்து, அதாவது இன்றைய குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலிருந்து, வணிகர்கள் வந்தார்கள். பக்கத்திலிருந்த நோவோ பிர்டோ சுரங்க நகரம் 1455-இல் துருக்கிய உஸ்மானியர் கைக்குப் போனது, காலப்போக்கில் சுரங்கங்களும் ஓய்ந்தன. கத்தோலிக்கக் குரோஷியர்கள் மட்டும் யான்யெவோவை விட்டு நகரவில்லை. இதெல்லாம் பெருமையான வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் ஊர் எப்படித் தோன்றியது என்பதைச் சொல்லும் அளவுக்கு அது எப்படிக் காலியானது என்பதை யாரும் சொல்வதில்லை, அதுதான் என் குறை.

சுரங்கம் போனாலும் உலோகம் அந்த ஊரின் கையை விட்டுப் போகவில்லை. வீட்டோடு பட்டறை வைத்து, உருக்கி அச்சில் ஊற்றி, சிலுவை, மோதிரம், இன்னும் என்னென்னவோ சின்னச் சின்ன சாமான்கள் செய்தார்கள். கொசோவோவும் குரோஷியாவும் ஒரே நாடாக இருந்த யுகோஸ்லாவியா காலத்தில் பிளாஸ்டிக் வந்ததும் அதே வீடுகளில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கத் தொடங்கினார்கள். ஆண்கள் மூட்டை கட்டிக்கொண்டு நாடு முழுக்கத் திருவிழாச் சந்தைகளில் போய் விற்றார்கள். யோசித்துப் பாருங்கள், மாசிடோனியாவிலிருந்து ஸ்லோவேனியா வரை ஒரே நாடாக, எல்லை இல்லாமல் இருந்தால்தான் அந்தப் பிழைப்பு ஓடும். நாடு உடைந்தபோது அவர்களுடைய சந்தையும் சேர்ந்தே உடைந்தது. அதனால் ஊர் காலியானதை 1990-களின் போரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. 1950-களிலேயே பல குடும்பங்கள் குரோஷியத் தலைநகர் ஜாக்ரெப்பின் டுப்ராவா பகுதிக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தன.

அப்புறம் 1991. குரோஷியாவில் சண்டை தொடங்கியது, யான்யெவோ இளைஞர்களுக்கோ யுகோஸ்லாவியப் படையில் சேரச் சொல்லி அழைப்பு வந்தால் தங்கள் இனத்தாரை எதிர்த்தே துப்பாக்கி பிடிக்க வேண்டிய நிலை. கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். சிலர் வீட்டை விற்றார்கள், சிலர் பூட்டிவிட்டுப் போனார்கள்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது இதற்கு அடுத்த பகுதி. 1995 ஆகஸ்டில் குரோஷியப் படை செர்பியர் கையிலிருந்த பகுதிகளை மீட்க 'புயல்' நடவடிக்கையைத் தொடங்கியபோது குரோஷியாவின் டால்மேஷியா பகுதியிலிருக்கும் கிஸ்தான்யே என்ற ஊரிலிருந்த செர்பியர்கள் ஓடிப்போனார்கள், வீடுகள் கொள்ளை போயின, எரிந்தன. 1997-இல் குரோஷிய அரசு யான்யெவோக்காரர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தியது அந்தக் கிஸ்தான்யேயில்தான். தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவனுக்குக் கிடைத்தது இன்னொருவன் விட்டுப்போன வீடு! பிறகு செர்பியர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரத் தொடங்க, யான்யெவோக்காரர்களுக்குத் தனிக் குடியிருப்பு கட்ட வேண்டியதாயிற்று. 1990-களில் கொசோவோவின் வித்தினா நகராட்சியிலிருக்கும் லெட்னிட்சாவிலிருந்தும் குரோஷியர்கள் வெளியேறினார்கள், அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது குரோஷியாவின் ஸ்லவோனியா பகுதியிலிருக்கும் வோச்சின். அதுவும் 1991-இல் படுகொலை நடந்த ஊர். (லெட்னிட்சா நமக்கு முற்றிலும் அந்நியமில்லை, அன்னை தெரசா துறவறத்துக்குப் போவதென்று முடிவெடுத்தது 1928-இல் அங்கிருந்த மாதா கோயிலில்தான்.)

இன்று யான்யெவோவில் பெரும்பாலும் அல்பேனியர்கள். ரோமா, துருக்கிய, போஸ்னியக் குடும்பங்களும் இருக்கின்றன, குரோஷியர்கள் கொஞ்சம் பேர்தான் மிச்சம். கொசோவோவின் கொடியில் ஆறு சமூகங்களைக் குறிக்கும் ஆறு நட்சத்திரங்கள் உண்டு, அந்த ஆறில் குரோஷியர் இல்லை. சரி, கொடியை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரைக் 'குரோஷிய அருங்காட்சியகம்' மாதிரி ஆக்கிவிடாதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இப்போது அங்கே குடியிருந்து, கூரை ஒழுகினால் ஓடு மாற்றுகிறவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். அல்பேனிய மலைநாட்டு வழக்குச் சட்டமான கானூனைத் திரட்டி எழுதிய பாதிரியார் ஷ்டியெஃபன் ஜெச்சோவி 1874-இல் பிறந்தது இதே யான்யெவோவில். 2016 ரியோ ஒலிம்பிக்கில் டிராப் (பறக்கும் தட்டைச் சுடும்) துப்பாக்கிச் சுடுதலில் குரோஷியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த யோசிப் கிளாஸ்னோவிச்சின் குடும்ப வேரும் அங்கேதான். இருவரையும் பங்கு போட்டுக்கொள்ளாமல் ஒரே ஊரின் பிள்ளைகளாகச் சொல்ல உங்களால்தான் முடியும்.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஒவ்வொன்றும் இன்று யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் ஜாக்ரெப்பிலா கிஸ்தான்யேயிலா என்று ஒரு பதிவேடு போடுங்கள். உரிமையாளர் யாரென்று தெரியாத வீட்டைப் பழுதுபார்க்கக்கூட முடியாது, சுவர் தானாகவே விழுந்துவிடும். பங்குக் கோயிலில் இருக்கும் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைக் கோயிலாரிடம் பேசிப் படியெடுத்து வையுங்கள். 1991-இல் முப்பது வயதில் கிளம்பியவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது, பட்டறை வேலை தெரிந்த மூத்தவர்கள் இன்னும் எத்தனை காலம் இருப்பார்கள்? கிஸ்தான்யே நகராட்சிக்கு ஒரு கடிதம் போட்டு, இரண்டு ஊர்களும் சேர்ந்து அவர்களுடைய பேச்சைப் பதிவு செய்யலாம், கிஸ்தான்யே செர்பியர்களின் பேச்சையும் சேர்த்து. ஆகஸ்ட் 15 அன்று லெட்னிட்சா திருவிழாவுக்கு மதம் பார்க்காமல் கூட்டம் வருகிறது, கிளம்பிப் போனவர்களும் வருகிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு பேரை அங்கே அனுப்பினால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.